பொறை எனப்பட்ட இரு பெட்டிகள்

ஒரே பொருளைச் சுட்டுவனபோல் தோன்றும் சொற்களுக்குள்ளும் நுண்ணிய வேறுபாடு உண்டு என்பதை நான் இன்றும் உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கையால் என் தங்கை கமலத்தின் திருமணம் நின்றுபோக இருந்தது என்பதையும் இந்த வயதில் ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. (ஒப்புக்கொள்ளாவிட்டால் அவளே சொல்லிவிடுவாள், அவள் சொன்னால் இன்னும் நீளும்.)

எண்பதுகளின் நடுப்பகுதி. ஈப்போ பக்கம், லகாட்டை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியராகச் சேர்ந்து ஓராண்டு நிறைந்திருந்தது. பிள்ளைகளைத் திருத்திய நேரம் போக, எஞ்சிய நேரத்தில் ஊரைத் திருத்திக்கொண்டிருந்தேன். திருமணம் சிலிம் ரிவரில், மாப்பிள்ளை வீட்டுத் தோட்டத்துக் கோயிலில். முதல் நாள் விடியற்காலையிலேயே வீட்டார் பேருந்தில் புறப்பட்டுவிட்டனர். பெட்டி, பாத்திரங்களை ஊர் ஊராகச் சரக்கு அனுப்பும் சித்தப்பாவின் ஈப்போ கொட்டகையிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வருவது என் பொறுப்பு. மாப்பிள்ளை வீட்டார் எடுத்த கூறைப்புடவை, இரவிக்கை தைப்பதற்காக எங்களிடம் வந்திருந்தது. அது ஒரு புதிய பச்சைத் தகரப் பெட்டியில் இருந்தது. சாவி அம்மாவின் இடுப்பில்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் என் இரத்தம் கொதித்தது. மூட்டைகளிலும் பெட்டிகளிலும் சுண்ணக்கட்டியால் குடையும் மீனும் வரைந்திருந்தார்கள்.

"எழுத்து இருக்கும்போது சித்திரம் எதற்கு?" என்று கேட்டேன். (அந்நாளில் பேச்சிலும் நான் இப்படித்தான். எனக்குத் திருமணமாகும்வரை யாரும் தடுக்கவில்லை.)

தலைமைச் சுமையாள் மாரிமுத்து அண்ணே சிரித்தார். "நம்ம ஆளுங்களுக்கு அதான்லா வெளங்கும், வாத்தியாரே. குடைன்னா சிலிம் ரிவரு, மீனுன்னா தெலுக் இந்தான்."

அவர் பசியாறப் போன இடைவெளியில், ஈரத்துணியால் குடைகளையும் மீன்களையும் துடைத்து அழித்தேன். பிறகு ஒவ்வொன்றையும் ஆராய்ந்து, தாளில் அழகிய கையெழுத்தில் பெயர் எழுதி ஒட்டினேன். தலையில் தூக்குவது சுமை. கட்டி இறுக்கியது பொதி. விலைக்குப் போவது சரக்கு. இருவர் சேர்ந்து தூக்க வேண்டியது பாரம். ஆயினும் பாரம் வடசொல்லென்று தோன்றியதால், பொறை.

திரும்பி வந்த மாரிமுத்து அண்ணே திகைத்தார். "என்னா வாத்தியாரே, குடையெல்லாம் எங்க?"

நான் சொல் வேறுபாடுகளை விளக்கினேன்.

"அப்ப நான் இருவது வருசமா தூக்குனது என்னா?"

"இடத்திற்கேற்ப மாறும்."

"முதுகு மாறலியே லா!"

ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர், "சரி, ஊரு எழுதியிருக்கீங்கல்ல? படிச்சுச் சொல்லுங்க, ஏத்திப்புடுறோம்" என்றார்.

குனிந்து பார்த்தேன். எது என்னவென்று எழுதியிருந்தேனே தவிர, எங்கே போகிறதென்று ஒன்றிலும் எழுதவில்லை. அதை அப்போதே சொல்லியிருக்கலாம். சற்றுமுன் சிரித்தவர்கள் எதிரிலேயே நின்றார்கள், சொல்லவில்லை. பாத்திரங்களை அடையாளம் கண்டேன். மற்றவற்றை ஊகித்தேன். பச்சைத் தகரப் பெட்டிகள் மட்டும் இரண்டு இருந்தன: ஒரே கடை, ஒரே நிறம், இரண்டும் பொறை. ஒன்றைத் தொட்டு, "சிலிம் ரிவர்" என்றேன், தொல்காப்பியம் கற்றவனின் உறுதியோடு.

நண்பகலில் மாப்பிள்ளை வீட்டில் பெண்கள் கூடினர். கூறையைச் சாமிமுன் வைக்க வேண்டும். சாவி சேரவில்லை, பூட்டை உடைத்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் கையை விட்டு எடுத்தார். முதலில் ஒரு கருப்பு அங்கி. அடுத்து, இரண்டு எருமைக் கொம்புகள். பிறகு ஒரு பாசக்கயிறு.

"என்னாங்க இது? கல்யாணத்துக்கு எமன கூட்டியாந்திருக்கீங்க?" என்றார் அவர். பிறகு குரல் இறங்கியது. "கூறை இல்லாம என் மவன் தாலி கட்ட மாட்டான். சகுனமும் சரியில்ல. பேசாம தள்ளி வச்சுருவோம்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். கமலம் என்னிடம் வந்து மெல்லக் கேட்டாள்: "அண்ணே, அந்தப் பெட்டிக்கு என்னா பேரு வச்சீங்க?"

"பொறை."

"ஊரு வைக்கலியா?"

தோட்ட அலுவலகத்துத் தொலைபேசிக்கு ஓடினேன். தெலுக் இந்தானில் எங்கள் லாரி பொருள்களை இறக்குவது காதர் பாயின் சாப்பாட்டுக் கடையில். "வாத்தியாரா? இங்க வீராசாமி அண்ணே பட்டுச் சேலைய கையில வச்சுக்கிட்டு முழிக்கிறாரு லா! நாளைக்கு ராத்திரி திருவிழாக் கூத்துல அவருதான் எமன்" என்று காதர் பாய் கூறிவிட்டுக் கருவியை அவரிடமே கொடுத்தார்.

நான் நடந்ததைச் சொல்ல முயன்றேன், பாதியில் அழுதேன். (ஒரு தூய தமிழ்ச் சொல்லும் வரவில்லை.)

"அழுவாத தம்பி. முகூர்த்தம் எப்ப?" என்றார் வீராசாமி.

"காலைல ஒம்பது மணி."

"இப்பவே மோட்டார்ல வாரேன்."

தோட்டத்துச் சாலையை நான் பார்த்ததுபோல் வேறெதையும் பார்த்ததில்லை. பொழுது சாய்வதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் செம்மண் புழுதியோடு வந்து நின்றது. பின்னால் பச்சைப் பெட்டி, ரப்பர் டியூப்பால் இறுக்கிக் கட்டியிருந்தது. இறங்கிய வீராசாமிக்கு, வேடத்துக்கு ஒட்டியதல்ல, சொந்த மீசையே காதுவரை இருந்தது. அவர் நேரே மாப்பிள்ளையின் தாயாரிடம் சென்று கூறையை நீட்டினார்.

"எமன் உசுரத்தான் எடுப்பான்மா. சேலைய எடுக்க மாட்டான்லா. மடிப்பு கலையல, பாத்துக்கங்க."

அந்த அம்மையார் புடவையைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். திடீரென்று சிரித்துவிட்டார். "எமனே கையில குடுத்துட்டாரு. இனிமே எம் மவனுக்கு ஆயுசு கெட்டி! அண்ணனுக்குத் தேத்தண்ணி கலக்குங்க."

நான் அங்கேயே, புழுதியில் உட்கார்ந்து சிரித்தேன். வீராசாமி இரவு தங்கி, காலையில் அட்சதை தூவி, விருந்துண்டு, தம் பெட்டியோடு கூத்துக்குப் புறப்பட்டார்.

அன்றுமுதல் எங்கள் குடும்பத்தில் எந்தத் திருமணமானாலும் முதல் அழைப்பிதழ் அவருக்குத்தான். கமலத்தின் மகள் திருமணத்தன்று அவர் வரத் தாமதமாயிற்று. நேரமாகிறதென்று ஐயர் அவசரப்படுத்தினார். கமலத்தின் மாமியார், தொண்ணூறை நெருங்கிய அந்த அம்மையார், மணமேடையருகே கையை உயர்த்தி உரக்கச் சொன்னார்:

"கொஞ்சம் பொறுங்க சாமி. எமன் இன்னும் வரல."

புது மாப்பிள்ளை வீட்டாருக்கு விளக்கம் சொல்லி முடிக்க, அன்றைக்கும் என்னைத்தான் அனுப்பினார்கள்.