ஒரு வீடு, இரண்டு அடுப்பு

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியம் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். இல்லையென்றால் பதிலில் திருத்து.

எங்கள் வீட்டில் எத்தனை குடும்பம் இருக்கிறது? எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாக இதே வீட்டில் இருக்கிறேன், எம்.ஏ. வேறு படித்திருக்கிறேன்.

இன்று காலை மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தார். தெருவெல்லாம் ஏறி இறங்கியதில் செருப்பு வார் அறுந்து, ஊக்கு குத்தி மாட்டியிருந்தார். நான் என் வழக்கமான அலட்சியத்தோடு, "ஒருத்தர் விட்டுப்போனா என்ன ஆயிடப்போகுது டீச்சர்?" என்றேன். "விட்டுப்போன அந்த ஒருத்தர்கிட்ட கேளுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, அவர் பாட்டுக்குப் படிவத்தைப் பிரித்தார். எங்கள் மூவரையும், அதாவது இவரையும் மகளையும் என்னையும், எழுதப்போகும் நேரத்தில் மாடி அறையிலிருந்து என் நாத்தனார் இறங்கி வந்தார். இவருக்கு மூத்தவர், அறுபத்து மூன்று வயது. தன்னைத் தனிக் குடும்பமாக எழுதச் சொன்னார். டீச்சர் விதியைச் சொன்னார்: ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம், அடுப்பு வேறென்றால் குடும்பமும் வேறு. மாடியில் அடுப்பு இருக்கிறது என்றார் நாத்தனார். இருக்கிறதுதான். போன வருடம் முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து அதன்மேல் பழைய பேப்பர் அடுக்கியிருக்கிறது. மூன்று வேளையும் அவருக்கு என் சமையல்தான். டீச்சர் மேலே போய்ப் பார்த்துவிட்டு, மத்தியானம் எங்கே சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். நாத்தனாருக்குப் பொய் வராது. "கீழதான்."

டீச்சர் 'தலைவரின் சகோதரி' என்று எழுதப் போனார். "முதல்ல அப்பா பேருக்குக் கீழ, அப்புறம் வீட்டுக்காரர் பேருக்குக் கீழ, இப்ப தம்பி பேருக்குக் கீழ. ஒரு தடவையாவது என் பேரு முதல் வரியில வரட்டுமே" என்றார் நாத்தனார். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? இல்லாததை எழுதமாட்டேன் என்றார். ஆனால் இந்தத் தெரு நாளைக்குத்தான் முடியும், மறுபடி வருவேன், இனிமேல் தனியாகச் சமைப்பதாக இருந்தால் அப்போது அதை எழுதுவேன் என்று பேனாவை மூடினார். விதியை ஓர் இம்மி மீறாமல் ஒரு மனுஷிக்கு ஒரு நாள் கொடுத்துவிட்டுப் போனதை நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருக்கிறது, நான் சுலபத்தில் மலைக்கிற ஆளில்லை என்று உனக்கே தெரியும். நாத்தனார் பருப்பு டப்பாவோடு ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருக்கிறார். இரண்டு நாள் தாங்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் எண்ணெய் டின்னை நான்தான் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு ஆசி. உன் வீட்டுக்கு ஆள் வந்தால் உட்காரவைத்துப் பதில் சொல்.

அக்கா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் மறுநாள் ஆகிவிட்டது. டீச்சர் வந்தார், மாடியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இரண்டாம் குடும்பம், தலைவர் நாத்தனார், உறுப்பினர் ஒருவர். எழுதியதை நாத்தனார் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். டீச்சர் தெருமுனை திரும்பினாரோ இல்லையோ, நாத்தனார் எங்களை மாடிக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். மூன்று பேரும் போனோம். என் அடுப்பை நான் இன்று பற்றவைக்கவே இல்லை. விதிப்படி பார்த்தால் வீட்டில் இப்போது ஒரே குடும்பம், தலைவர் அவர்தான். ஓடிப்போய் டீச்சரிடம் சொல்ல யாரும் எழுந்திருக்கவில்லை. இவர் இன்னொரு கரண்டி போடச் சொன்னார்.