டெல்பர்ட் கெஞ்சி எடுக்க வைத்த பாடம்

மனைவி நோரீனைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துவது மட்டும்தான் என்று டெல்பர்ட் தீர்மானித்தான். தடுத்தால் சண்டை வரும். சண்டை வந்தால் கடைசியில் மன்னிப்புக் கேட்பது அவன் வேலை.

நோரீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே, கான்சஸின் கோதுமை வயல்களுக்கு நடுவே இருந்த கம்யூனிட்டி காலேஜில் முதல் இரண்டு ஆண்டுப் படிப்பைப் படித்தாள். அதை முடித்து, மூன்று மணி நேரத் தொலைவிலுள்ள பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர்ந்து டீச்சராக வேண்டும். வார நாட்களில் அங்கேயே தங்கல். பிள்ளைகள் போய்விட்ட வீட்டில் டெல்பர்ட்டும் காற்றும் மிஞ்சுவார்கள். அங்கே படிக்கப் போனவர்கள் ஊர் திரும்பியதாகவும் பேச்சில்லை.

பக்கத்து வீட்டு வெண்டல் ஒருநாள் புலம்பினான். மகள் இங்கே தேறிய பாடங்களில் பாதியைப் பல்கலைக்கழகம் பட்டக் கணக்கில் சேர்க்கவில்லையாம், கிரெடிட் தரவில்லையாம். "வெல்டிங், கேக் அலங்காரம்னு எடுத்தா. கைவேலைப் பாடம் எதுவும் அங்க செல்லாதாம்ப்பா."

வெண்டலுக்குத் துக்கம். டெல்பர்ட்டுக்கு வரம்.

"அடுத்த பருவத்துக்கு மண்பாண்ட வகுப்பு எடேன், நோரீன்."

"சட்டி பானையா? புள்ளியியலே மண்டையைத் தின்னுது."

"அதனாலதான் சொல்றேன். மனசு லேசாகும்."

"அது சாயங்கால வகுப்பு. சமையல் யாரு?"

"நான்."

"துணி துவைக்கறது?"

"நானே."

"கோழிக் கூண்டு?"

கோழிகளை அவனுக்குப் பிடிக்காது. அவனைக் கோழிகளுக்கும் பிடிக்காது.

"அதுவும்தான்."

"இவ்வளவு கெஞ்சறியே, எடுத்துத் தொலைக்கறேன்."

பனிக்காலம் முழுக்க டெல்பர்ட் வெங்காயம் நறுக்கினான். முதலில் சுட்ட இறைச்சி ரொட்டியை நாய் முகர்ந்து பார்த்துவிட்டு வெண்டல் வீட்டுக்குப் போய்விட்டது. பிறகு கை பழகியது. நோரீன் கோணல் கிண்ணங்களோடு வருவாள். அவன் வைத்த பீன்ஸ் சூப்பைக் குடிப்பாள். புத்தகத்தின் மேலேயே தூங்கிப்போவாள். செல்லாத பாடத்தில் ஒரு பருவம் போகிறது என்ற நிம்மதியில் அவன் பாத்திரம் கழுவுவான். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று தோன்றும். இருக்காது.

பனி உருகத் தொடங்கியபோது பல்கலைக்கழகத்திலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு நோரீன் அடுப்படிக்கு வந்தாள்.

"எல்லாக் கிரெடிட்டையும் ஏத்துக்கிட்டாங்க. ஆகஸ்டுல சேரணும்."

"மண்பாண்டம்?"

"அது கைவேலைக் கணக்குல இல்ல, கலைக் கணக்குல வருது. ஒரு கலைப் பாடம் கட்டாயம். அது ஒண்ணுதான் எனக்கு பாக்கியா இருந்துச்சு."

டெல்பர்ட் கரண்டியைக் கீழே வைத்தான். "இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நீ கேக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே."

"அப்ப ஏன் என்னைக் கெஞ்ச விட்டே?"

நோரீன் சூப்பைக் கொஞ்சம் ருசி பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டாள்.

"உனக்குச் சமைக்கத் தெரியாதேங்கற ஒரே காரணத்தாலதான் நான் இத்தனை நாள் போகத் தயங்கிட்டிருந்தேன், டெல்பர்ட்."