காஃபினுக்கு இடமாறுதல் உத்தரவு இல்லை

ஏற்காட்டில் ஓர் அரசு அலுவலகம் இருந்தது. எந்தத் துறை என்று சொல்லாமல் விடுவதே பொதுநலனுக்கு உகந்தது. அதன் வாசலில் காப்பிக் கடை வைத்திருந்தவர் ஷேக் தாவூத். அலுவலகம் குடித்த காப்பியில்தான் அவர் குடும்பம் சோறு தின்றது.

தொண்ணூற்றாறில் பயிற்சி முகாம்தான் நாகரிகம். முகாம் போகாத அதிகாரியை யாரும் மதிப்பதில்லை. அதிகாரி ஞானசுந்தரமும் ‘மருந்துகளும் நரம்பு மண்டலமும்’ முகாமுக்குப் போய்வந்தார். வந்ததும் முதல் வேலையாகத் தாவூத்தை அழைத்தார்.

“பாய், உடம்பு களைத்தால் மூளையில் அடினோசின் என்ற சரக்கு சேரும். நரம்பில் அதற்கென்று ஓர் இருக்கை உண்டு. அதில் அது உட்கார்ந்தால் தூக்கம் வரும். உங்கள் காப்பியிலுள்ள காஃபின் என்ன செய்கிறது தெரியுமா?”

“முழிக்க வெக்குதுங்க.”

“எப்படி? அந்த இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்கிறது! தானும் வேலை செய்யாது, உரியவரையும் உட்கார விடாது.”

தாவூத் அலுவலகத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“இடமாறுதல் உத்தரவின்றி அடுத்தவர் இருக்கையை ஆக்கிரமிப்பது விதிமீறல். இன்று முதல் வளாகத்தில் காப்பி கிடையாது.”

மறுநாள் அலுவலகம் முழுவதற்கும் தலை வலித்தது. பிறகு அலுவலகம் முழுவதும் தூங்கி வழிந்தது. தாவூத் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, மகளுக்குச் சாதிச் சான்று வாங்க உள்ளே போன கரடியூர் வெள்ளையன் சிரித்தபடி வெளியே வந்தார்.

“பாய், நொம்ப நல்ல உத்தரவுங்க! கிளார்க் லூர்துராஜ் அரைத் தூக்கத்துல நீட்டுன பக்கமெல்லாம் கையெழுத்துப் போட்டாருங்க. ஒரு கேள்வி கேக்கலீங்க!”

செய்தி கிளியூர், வெள்ளக்கடை கிராமங்கள் வரை பரவி, கூட்டம் வந்து குவிந்தது.

ஞானசுந்தரத்துக்குத்தான் தலைவலி தாங்கவில்லை. மாத்திரை போட்டார், சட்டென்று தெளிந்தது. அட்டையைப் படித்தால் மாத்திரையிலும் காஃபின்! நெடுநேரம் சிந்தித்து இரண்டாம் உத்தரவு போட்டார்: ‘மாத்திரையில் இருப்பது மருந்து. ஆகவே காப்பியும் மருந்தே. ஊழியர்கள் உடனடியாகச் சிகிச்சைக்கு உட்படுவார்களாக.’

தாவூத்துக்கு உயிர் வந்தது. ஆனால் அலுவலகமும் விழித்துக்கொண்டது. வெள்ளையன் இந்த முறை முகம் தொங்க வந்தார்.

“பையனுக்குச் சான்று கேட்டனுங்க. அக்கா சாதிதான் தம்பிக்கும்ங்கறதுக்கு ஆதாரம் கொண்டாங்கறாருங்க லூர்துராஜ்.”

“நா என்ன பண்ணட்டுங்க?”

“எல்லாம் உங்க காப்பி பண்ற வேலைங்க. கொஞ்சம் எளக்கிப் போடுங்க பாய். ஊருக்கே புண்ணியம்.”

தண்ணிக் காப்பி கொடுத்தால் கடைப் பெயர் கெடும். தாவூத் யோசித்தார். சிக்கரிக்குக் கறுப்பு உண்டு, கசப்பு உண்டு, காஃபின் மட்டும் கிடையாது. நாளுக்கு நாள் சிக்கரியைக் கூட்டினார். கடைசியில் காப்பித் தூளே போடவில்லை.

ஞானசுந்தரம் உறிஞ்சினார், நாக்கைச் சப்புக்கொட்டினார். “பாய், இதுதானய்யா அசல் மலைக் காப்பி!” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

கையெழுத்துகள் மழையாகக் கொட்டின. மனு எதுவும் தேங்காத அலுவலகம் என்று கேடயம் கொடுத்தார்கள். கேடயம் வாங்கிய அலுவலகம் குடிக்கும் காப்பிதான் வேண்டும் என்று எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர்கள் கேட்டார்கள், சுற்றுலா வந்தவர்கள் கேட்டார்கள். அப்புறம் மலையில் வேறு காப்பி எந்தக் கடையிலும் விலைபோகவில்லை.

தை மாதம் வெள்ளையன் தன் தோட்டத்துக் காப்பிக் கொட்டையை மூட்டையாகக் கொண்டுவந்து கடையில் இறக்கினார்.

“ஏனுங்க, இதையெல்லாம் இப்ப யாருங்க குடிக்கறாங்க?” என்றார் தாவூத், சங்கடத்தோடு.

“அப்ப நாங்க என்னங்க பண்றது?”

“ஆபீசுல ஒரு மனுக் குடுங்க. ஒடனே கவனிப்பாங்க.”

கொடுத்தார். மனுவில் உடனே கையெழுத்து விழுந்தது. மூட்டை இறக்கிய இடத்திலேயே இருந்தது.