மழை வராது என்று நான் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

சம்பந்தி, நல்லா இருக்கீங்களா? முழங்கால் எப்படி இருக்கு? சம்பந்தி அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா, தூங்குகிறார்களா? இங்கே நாங்கள் எல்லோரும் நலம். எல்லோரும் என்பதில் உங்கள் மகனையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், அந்த வரியைச் சம்பந்தி அம்மாவுக்கு இன்னொரு முறை சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். மாப்பிள்ளை உடம்பில் ஒரு கீறல் இல்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் பேசுவது உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது, மீதியை நீங்களாக நிரப்பிக்கொள்கிறீர்கள். போன பைக் பந்தயத்தன்று "விழுந்து எழுந்துட்டாரு" என்று சொன்னேன். உங்களுக்கு "விழுந்து" மட்டும் கேட்டு, போட்ட சட்டையோடு வாடகை வண்டி பிடித்து வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றீர்கள். அதனால்தான் இந்தத் தடவை கடிதம். எழுத்துக் கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனதைவிட அதன் சுவருக்குச் செங்கல் கொண்டுபோனதுதான் அதிகம்.

செங்கல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் சூளை முதலாளிக்கு என்மேல் தனி மரியாதை. பச்சைக் கல் காய்கிற நேரத்தில் மழை விழுந்தால் எல்லாம் சேறாகிவிடும் அல்லவா, அதனால் காலையில் என்னைக் கூப்பிட்டு, "வருமா?" என்று கேட்காமல் அவர் தார்ப்பாயைத் தொடமாட்டார். நான் வானத்தை நன்றாகப் பார்த்து "வராது முதலாளி" என்பேன். தலையை ஆட்டிக்கொண்டு போய், உடனே தார்ப்பாய் போடச் சொல்லிவிடுவார். பெரிய மனிதர்களுக்கு ஜாக்கிரதை அதிகம். மாப்பிள்ளை இந்தப் பந்தயத்துக்கு என்னை வீடு தேடி வந்து அழைத்ததும் அப்படி ஒரு மரியாதையில்தான் என்று நினைத்திருந்தேன். "மாமா, நீங்க வராம நான் வண்டியை எடுக்கிறதா இல்ல" என்றார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டு, வாய் திறந்து பேசாத பிள்ளை. ரோட்டைக் கடக்கும்போதுகூட இரண்டு பக்கமும் பார்த்து, இன்னொரு தடவை பார்த்து, அப்புறம் நம்மையும் பார்க்கச் சொல்கிற பிள்ளை. அவரா இப்படிப் பறக்கிறார் என்று எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

என் மகள், அதாவது உங்கள் மருமகள், அன்று காலையிலேயே புருஷனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். "போன தடவை தோள் எலும்பு. சோறு ஊட்டி, தலை சீவி, பல்லு விளக்கிவிட்டேன். இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா நான் பையை எடுத்துக்கிட்டு எங்கப்பா வீட்டுக்குப் போயிடுவேன், திரும்ப வரமாட்டேன்." அவள் சும்மா சொல்கிறவள் இல்லை, அது எனக்குத் தெரியும். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். பெற்ற மகள் வருவது சந்தோஷம்தான் சம்பந்தி, ஆனால் இப்படியா வருவது. அதுவும் இவர்கள் கல்யாணத்தில் "பொண்ணு பொறுமைசாலி" என்று நான் உங்களிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்.

பந்தயம் நடக்கிற இடம் பெரிய மைதானம் ஒன்றுமில்லை, சாதாரண ஊர்ச் சாலைதான். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் அடைத்துக் கொடுக்கிறார்கள். வளைவுகளில் வைக்கோல் கட்டு அடுக்கியிருந்தது. ஓட்டுகிறவர்கள் எல்லாம் நம்மைப் போல வேலைக்குப் போகிறவர்கள், ஒருத்தர் பேக்கரி, ஒருத்தர் பல் டாக்டர். வண்டியைப் பார்த்துக்கொள்ள ஸ்பேனர் என்று ஒரு ஆள். முதுகு அரித்தால்கூட அவர் ஸ்பேனரால்தான் சொறிவார், அதனால் வந்த பெயர். நான் போனதும் வண்டியைச் சுற்றி வந்தேன். பகீர் என்றது. ரெண்டு டயரும் மொட்டை. ஒரு கோடு, ஒரு பள்ளம் இல்லை. "யோவ், தேஞ்சுபோன டயரைப் போட்டு என் மாப்பிள்ளையைக் கொல்லப் பாக்குறியா?" என்று சத்தம் போட்டேன். "ஐயா, இது புதுசு. காஞ்ச ரோட்டுக்கு மொட்டைதான் பிடிக்கும். மழைன்னா தண்ணி ஒதுங்க வரி போட்ட டயர், அது அங்க சக்கரத்தோட தயாரா இருக்கு" என்றார். அன்றைக்கு வானமோ பாதி நீலம், பாதி கறுப்பு. எல்லா வண்டிக்காரரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள், எந்த டயர் போடுவது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அப்போது மாப்பிள்ளை என்னிடம் வந்தார். அத்தனை பேர் முன்னாலும், "மாமா, மழை வருமா?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கையை நெற்றிக்கு வைத்து, காற்றை மோந்து, நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னேன், "ஒரு சொட்டு விழாது மாப்ள. என்னை நம்பிப் போங்க." அவர் ஸ்பேனரைப் பார்த்தார், ஸ்பேனர் அவரைப் பார்த்தார். உடனே மொட்டை டயரைக் கழற்றி வரி போட்ட டயரை மாட்டிவிட்டார்கள். கேட்டுவிட்டு நேர்மாறாகச் செய்தால் ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். நான் கொண்டுபோன குடையை ஊன்றிக்கொண்டு மூஞ்சியைத் திருப்பி உட்கார்ந்துவிட்டேன்.

வெயிலில்தான் கிளப்பினார்கள். மற்ற எல்லோரும் மொட்டை டயர், நம்ம ஆள் மட்டும் வரி. முதல் சுற்றில் கடைசி. பல் டாக்டர்கூட முந்திப் போய்விட்டார். ரெண்டாவது சுற்று முடியவில்லை சம்பந்தி, கொட்டிச்சு பாருங்க, வானத்தைக் கவுத்த மாதிரி. ஒவ்வொருத்தரா வழுக்கி வைக்கோல்ல போய் சாய்றாங்க, பெரிய அடி யாருக்கும் இல்ல, எழுந்து சேத்தைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறாங்க. உங்க பிள்ளை மட்டும் தண்டவாளத்துல போற மாதிரி போறார். கடைசியில இருந்து நடுவுக்கு வந்தார், நடுவுல இருந்து முதலுக்கு வந்தார். என் மக கைதட்டவே இல்ல. என் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, நகம் பதிஞ்ச தடம் இன்னும் இருக்கு.

அப்ப ஸ்பேனர் ஓடிவந்து என் வாயைப் பொத்துறார். "ஐயா, உங்க கால்ல விழறேன், மழை விடுமா விடாதான்னு எதுவும் சொல்லிடாதீங்க." நான் கையைத் தட்டிவிட்டு, "ஏன்யா, இது சாயங்காலம் வரைக்கும் விடாது, இதுகூடத் தெரியாதா?" அப்படின்னேன். தலையில கை வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டார். நான் சொல்லி வாயை மூடலை, வெயில் அடிச்சிடுச்சு. அப்பத்தான் என் மக சொன்னா, "அப்பா, நீங்க வரும்னா வராது, வராதுன்னா வரும். இது ஊருக்கே தெரியும். அதுக்குத்தான் உங்களைக் கூட்டிட்டு வந்ததே." சூளை முதலாளி தலையாட்டின தலையாட்டல் எல்லாம் அப்பத்தான் எனக்கு வரிசையா ஞாபகத்துக்கு வந்தது. கோபப்பட நேரமில்ல. ரோடு காய ஆரம்பிச்சிடுச்சு, காஞ்ச ரோட்டுல மழை டயர் சூடாகி வெண்ணெய் மாதிரி இளகுமாம். "ஐயா, இனிமே வரவே வராதுன்னு ஒரு தடவை சொல்லுங்க" அப்படின்னு ஸ்பேனர் கெஞ்சுறார். சொன்னேன். பத்துத் தடவை சொன்னேன். ஒரு சொட்டு வரலை. மனசறிஞ்சு சொன்னா பலிக்காது போல.

மாப்பிள்ளை என்ன பண்ணார் தெரியுமா? மத்தவங்க குட்டையைக் கண்டா ஒதுங்கிப் போறாங்க, இவர் எருமை மாதிரி ரோட்டோரத்துல எங்க தண்ணி தேங்கியிருக்கோ அங்கதான் தேடித் தேடி விடறார், டயர் குளிரணுமாம். ஜனங்க சிரிக்குது. ஒருத்தர் முந்தினார், இன்னொருத்தர் முந்தினார், இவர் கண்டுக்கலை. கடைசி வளைவுல பின் டயர் சர்ருனு விலகிச்சு. வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். என் மக கண்ணை மூடலை, நான்தான் மூடிக்கிட்டேன். "விழல அப்பா. விழல. காலை ஊனி நிமித்திட்டார்" அப்படின்னு அவதான் சொன்னா. அதுக்குள்ள இன்னொருத்தர் முந்திட்டார், நாலாவதா வந்தார். கோப்பை மூணு பேருக்குத்தான். வண்டியை நிறுத்திட்டு, ஹெல்மெட்டைக் கழட்டாமலே பொண்டாட்டிகிட்ட, "விழல" அப்படின்னார். அவ, "பாத்தேன்" அப்படின்னா. அவ்வளவுதான் பேச்சு. ஆனா அவ பை எடுக்கலை சம்பந்தி. நான் குடைக்குப் பின்னாடி முகத்தை மறைச்சுக்கிட்டு மூக்கைச் சிந்தினேன்.

அன்றைக்கே மாப்பிள்ளை தன் வாயால் சொல்லிவிட்டார், இதோடு விட்டேன், வண்டியை விற்றுவிடுகிறேன் என்று. எனக்குத் தலையில் இருந்து செங்கல் கூடையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இனி நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். சம்பந்தி அம்மா நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லாத் தூங்கி எழ வேண்டும். உங்கள் முழங்கால் படி ஏறுகிற அளவுக்குத் தேற வேண்டும். நம் இரண்டு வீட்டிலும் இனிமேல் யாரும் எதிலிருந்தும் விழாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு. வண்டியை வாங்க ஒரு ஆள் வந்திருந்தார். கொடுப்பதற்கு முன்னால் நல்லபடியாக ஓடுகிறதா என்று பார்க்க என் மகள் ஒரு சுற்று போய்வருகிறேன் என்று ஏறினாள். போனவள் ஒரு சுற்றோடு நிற்கவில்லை. வாங்க வந்தவர் நின்று பார்த்து, கால் வலித்து, போய்விட்டார். இறங்கியதும் புருஷனிடம், "இத்தனை நாள் இதை நீங்க மட்டும் வச்சுக்கிட்டீங்களே" என்று சண்டை. அடுத்த பந்தயத்துக்கு அவள் பேரைக் கொடுத்தாயிற்று, மாப்பிள்ளை கையைப் பிசைந்துகொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறார், அவள் விழுந்தால் தானும் பையை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்கிறார். நீங்கள் ஒன்றும் பயப்படாதீர்கள், சம்பந்தி அம்மாவிடம் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டாம், நானே நேரில் வந்து பக்குவமாக எடுத்துச் சொல்லலாம் என்று இருந்தேன், ஆனால் பந்தயமே இன்றைக்குத்தான், அதோ மாப்பிள்ளை "மாமா, அவ கிளம்பிட்டா, சீக்கிரம் வாங்க" என்று கூப்பிடுகிறார், அதனால் நீங்கள் மட்டும் எதற்கும் ஒரு வாடகை வண்டியை