வெயில் பட்டியல்

வட்டக்கோட்டைக் கரையில் மணல் வீடு கட்டுவதற்கென்று பிந்து வாங்கிவைத்த மஞ்சள் வாளி, பதினோரு நாளாக அடுக்களையில் உட்கார்ந்து கூரை ஒழுக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, வாளி நெறஞ்சிட்டு!" என்று கூவினாள் ஏழு வயது நந்தனா.

"கொண்டு போய் ஊத்து மக்கா."

"நேத்தும் நான்தான் ஊத்துனேன். இன்னைக்கு அபிக்க முறையாக்கும்."

நான்கு வயது அபிலாஷ் முறை தவறாதவன். வாளியைத் தூக்கினான். பாதி தரையில் விழுந்தது, மீதி அவன் நிக்கருக்குள் போனது. வெளியே ஊற்றுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

துடைக்கக் குனிந்த பிந்துவின் கண்ணில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காகிதம் பட்டது. அவள் எழுதிய பட்டியல். அதற்கு மேலே நந்தனா வரைந்த சூரியன், மூக்கும் மீசையுமாக. வட்டக்கோட்டை. மணல் வீடு. கடலில் கால் நனைப்பது. திற்பரப்பு அருவி. நாலு பேரும் சேர்ந்து வெயிலில் ஒரு படம். ஒன்றுக்கு நேரேகூட டிக் விழவில்லை. திற்பரப்பில் ஆறு பொங்கியிருக்கிறது, குளிக்க விடவில்லை என்று நான்காம் நாளே செய்தி வந்துவிட்டது.

முருகதாஸ் மஸ்கட்டிலிருந்து பதினைந்து நாள் லீவில் வந்திருந்தான். மஸ்கட்டைத் தாண்டி எங்கோ பாலைவன வெட்டவெளியில் ரோடு போடுகிற வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வரமுடியும். இந்தத் தடவை ஏப்ரலில் வருவதாக இருந்தது. பள்ளிக்கூடம் அடைத்து, வானம் வெள்ளைத்தாள் மாதிரி கிடந்த நாட்கள். கடைசி நேரத்தில், "கம்பெனியில லீவு தரல்ல பிந்து," என்றான். மே கடைசியில்தான் தந்தார்களாம். அவன் திருவனந்தபுரத்தில் இறங்கிய அன்று சாயங்காலம் மழையும் தக்கலையில் இறங்கியது. அதன்பிறகு இருவருமே வீட்டைவிட்டுப் போகவில்லை.

வந்த அன்று நடந்ததுதான் பிந்துவை இன்னும் குடைந்துகொண்டிருந்தது. பெட்டியோடு உள்ளே நுழைந்த ஆளை அபி மேலும் கீழும் பார்த்தான். ஓடிப்போய் ஃபோனை எடுத்துவந்து அவளிடம் நீட்டினான். "அப்பாவக் கூப்பிடு. ஒரு மாமா வந்திருக்காருன்னு சொல்லணும்." எல்லாரும் சிரித்தார்கள். முருகதாசும் சிரித்தான், மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாமதமாக. பதினோரு நாளாகியும் அபி அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் வந்து சட்டையைப் பிடித்து இழுப்பான்.

இன்னும் நான்கு நாளில் இந்த ஆள் திரும்பவும் ஃபோனுக்குள் போய்விடுவார். அதற்குள் பிள்ளையின் மனதில் இவரை எங்கே, எதைக்கொண்டு ஒட்டவைப்பது? மூடிய சன்னலும் ஈரத்துணி வாசனையும் ஒட்டுமா? ஒரு நல்ல வெயில் நாள் வேண்டும், ஒன்றே ஒன்று போதும் என்று பிந்து ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டாள். தான் கேட்பது பிள்ளைக்காகவா, புருஷனுக்காகவா, அல்லது இரண்டு வருடம் தனியாக நின்ற தனக்காகவா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"ஏங்க, அங்ஙன என்ன செய்யுதிய? சாரல் அடிக்குல்லா?"

வீட்டு முன்புறச் சிட்அவுட்டின் விளிம்புவரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்த முருகதாஸ் திரும்பினான்.

"சும்மா இருக்கேன் பிந்து."

"நனஞ்சு காய்ச்சல் புடிச்சா எப்படி பிளைட் ஏறுவிய? உள்ள வாங்க. நாசமாப் போற கம்பெனி, ஏப்ரல்ல லீவு தந்திருந்தா இந்தக் கேடு உண்டா?"

முருகதாஸ் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். அவள் அவன் உச்சந்தலையில் ஒரு சிட்டிகை ராஸ்னாதிப் பொடியை வைத்துத் தேய்த்தாள். பிள்ளைகளுக்கும் தேய்த்தாள். சளி பிடிக்காமலிருக்க அந்த வீட்டில் நாளைக்கு ஐந்து தடவை இது நடந்தது. மூன்று தலைகளும் தவிடு கொட்டிய மாதிரி இருந்தன.

அன்று அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். முதலில் ஒழுக்கு. மாடியில் அடுக்களைக்கு நேர் மேலே இருந்த விரிசலின்மேல் ஒரு பழைய கல்யாண ஃபிளெக்ஸை விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்தாள். யாரோ ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் மழையைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுக்களையில் சொட்டு நின்றது. மஞ்சள் வாளிக்கு விடுதலை கிடைத்தது.

அடுத்து ஷாஜனுக்கு ஃபோன் செய்தாள். ஷாஜன் ஜங்ஷனில் கடை வைத்திருப்பவன். விமான டிக்கெட் போடுவான், ஜெராக்ஸ் எடுப்பான், ஆதாரில் பெயர் திருத்துவான், ஆள் கிடைத்தால் காரும் ஓட்டுவான்.

"வட்டக்கோட்டையா? போலாம் அக்கா. கெழக்க மழ காணாது," என்றான்.

நாலு மழைக்கோட்டு, மூன்று குடை, ஒரு வாளி, பொடி டப்பா சகிதம் குடும்பம் காரில் ஏறியது. முருகதாஸ் முன்சீட்டில் இருந்துகொண்டு கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினான். பிந்து பின்னாலிருந்து எட்டி அதை ஏற்றினாள். நாகர்கோவில் தாண்டியதும் அவன் மறுபடியும் இறக்கினான். அவள் மறுபடியும் ஏற்றினாள்.

"இவங்களுக்குத் தன் உடம்பப் பத்தி ஒரு நெனப்பும் இல்ல ஷாஜன். எல்லாம் அந்தக் கம்பெனிக்காரன் செஞ்ச வேல. ஈவு இரக்கம் இல்லாத பயக்க. அவனுக்க பிள்ளையளுக்கு லீவு கெடயாதா?"

ஷாஜனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. முருகதாஸ் அவனை ஒரு பார்வை பார்த்தான். இருமல் நின்றது.

கிழக்கே மழை காணாதுதான், இவர்கள் போகும்வரை. கோட்டை வாசலில் கார் நின்றதும் முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. மேலே ஏறி நின்றபோது கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. அலை பெருசு, கீழே இறங்காதீங்க என்று காவல்காரர் கை காட்டினார். அபி வாளியைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

"போட்டோவாவது எடுப்போம். ஷாஜன், ஒரு படம் எடு. எல்லாரும் குடைக்குள்ள வாங்க. ஏங்க, உங்களுக்க தோள் வெளிய இருக்கு. இன்னும் உள்ள. இன்னும்."

ஷாஜன் எடுத்துக் காட்டினான். படத்தில் ஒரு பெரிய கறுப்புக் குடையும் எட்டுக் கால்களும் இருந்தன.

"அக்கா, கொடைய ஒருதரம் மாத்திப் பிடிச்சா மொகம் தெரியும்."

அவள் மாற்றிப் பிடித்தாள். அதற்கென்றே காத்திருந்த காற்று குடையைப் பிடுங்கிக் கொண்டுபோனது. குடை மதிலோரமாக உருண்டது. பிந்து பின்னால் ஓடினாள். பிடித்து, கம்பி உடைந்ததா என்று பார்த்து, மூச்சிரைக்கத் திரும்பினால், முருகதாஸ் நின்ற இடத்திலேயே நின்றான். முகத்தை வானத்துக்குக் கொடுத்து, கண்ணை இறுக மூடி, வாயை லேசாகத் திறந்து.

எவ்வளவு வெறுத்துப் போயிருந்தால் மனுஷன் இப்படி நிற்பார்! இரண்டு வருடம் மண்ணும் தாருமாகக் கிடந்துவிட்டு, ஊருக்கு வந்தும் ஒரு நல்ல நாள் வாய்க்கவில்லையே.

"வாங்க, போலாம்," என்று அவன் தலைமேல் குடையைப் பிடித்தாள். அவன் கண்ணைத் திறந்தான். ஏதோ சொல்ல வந்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போலாம்," என்றான்.

திரும்பும் வழியில் தோவாளைப் பக்கம் சுற்றிப் போய்ப் பூவாவது வாங்குவோமா என்று முருகதாஸ் கேட்டான். சந்தையில் நனைய வேண்டியிருக்கும் என்று பிந்து வேண்டாமென்றாள். அழுது அழுதே அபி தூங்கிப்போனான்.

ஆனால் பிந்து லேசில் விடுகிறவள் இல்லை. கடலுக்குப் போகமுடியாவிட்டால் என்ன, கடல் வீட்டுக்கு வரட்டும். பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த சிவதாணு அண்ணனிடம் போய் நின்றாள்.

"அண்ணே, நாலு சட்டி மணல் எடுத்துக்கிடட்டா?"

"எடு மக்களே. என்ன, வீட்ட இழுத்துக் கெட்டுதியளா?"

"இல்லண்ணே. கடல்."

சிவதாணு அவளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சட்டியை எடுத்து நீட்டினார்.

"நான் அள்ளிக்கிட்டு வாறேன்," என்று முருகதாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துள்ளி எழுந்தான்.

"இருந்த இடத்துல இருங்க. நனையப்பிடாது."

"நீ மட்டும் நனையுத?"

"நானா பிளைட் ஏறப் போறேன்?"

நாலு நடை நடந்து, தலையிலிருந்து கால்வரை நனைந்து, அவளே மணலைக் கொண்டுவந்து ஹாலில் பாயின்மேல் கொட்டினாள். தலையில் துவர்த்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு முருகதாஸ் சோபாவில் உட்கார்ந்து, ஈரம் சொட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இருந்தது பொறாமை என்று அவளுக்குத் தோன்றியது. என்ன புத்தி இது, நனைந்தவளைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா என்று உடனே தன்னைத்தானே கடிந்துகொண்டாள்.

நீலச் சேலையைச் சுருக்கம் சுருக்கமாக விரித்தாள், அலை வந்தது. நூறு வாட்ஸ் மஞ்சள் பல்பைக் கட்டித் தொங்கவிட்டாள், சூரியன் வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"வாளி எங்க?" என்றாள் நந்தனா.

வாளி காரில் கிடந்தது. ஃபோன் செய்தால், "இப்பம் கொண்டு வாறேன் அக்கா," என்றான் ஷாஜன். பிந்து ஃபோனை வைப்பதற்குள் கரண்ட் போனது. சூரியன் நாலு மணிக்கே அஸ்தமித்தது.

இருட்டில் சளசளவென்று ஒரு சத்தம் கேட்டது. முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு நந்தனா கத்தினாள்.

"அம்மா! திற்பரப்பு!"

மாடிப்படியில் படிக்குப் படி தாவித் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசிப் படியில் ஒரு கணம் நின்று, ஹாலுக்குள் பரவி, நீலச் சேலையைத் தூக்கிக்கொண்டு மணலை நோக்கி வந்தது. நந்தனா ஃபிரிட்ஜுக்கு ஓடிப்போய் பென்சிலால் இரண்டு டிக் போட்டாள். அருவிக்கு ஒன்று, கால் நனைத்ததற்கு ஒன்று.

பிந்துவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவள் விரித்த ஃபிளெக்ஸ்தான். காற்றில் செங்கலைத் தள்ளிவிட்டு நகர்ந்துபோய் மாடியில் தண்ணீர் போகிற ஓட்டையை அடைத்திருக்கிறது. மாடி முழுக்கக் குளமாகி, கதவு வழியாக வீட்டுக்குள் வருகிறது. அவள் செய்ததெல்லாம் இப்படித்தான் முடிந்தது. கண்ணில் நீர் முட்டியது.

"நான் போய்ப் பாக்கேன்," என்றான் முருகதாஸ். அவன் குரலில் ஏன் அத்தனை உற்சாகம் என்று அவளுக்கு அப்போதும் உறைக்கவில்லை.

"ஒரு படி ஏறுனா பாருங்க! ஷாஜன் வருவான். அவனக்கொண்டு பாக்கலாம்."

துடைப்பதற்குத் துணி எடுக்க அடுக்களைக்குள் போனாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு நிமிஷம் கூடுதலாக அங்கே நின்றாள். திரும்பி வந்தபோது ஹாலில் ஒருவரும் இல்லை. சோபாவில் துவர்த்து மட்டும் கிடந்தது. வாசலில் ஷாஜன் மஞ்சள் வாளியோடு நின்றான்.

"அண்ணன் மேல போனாரு அக்கா. பிள்ளையளும்."

பிந்து ஒரு கையில் குடையும் மறுகையில் பொடி டப்பாவுமாக அருவிக்கு எதிரே படியேறினாள். ஷாஜன் வாளியோடு பின்னால் ஏறினான்.

மாடியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அதன் நடுவே கல்யாண ஃபிளெக்ஸ் தோணியாகியிருந்தது. மாப்பிள்ளையின் முகத்தின்மேல் அபி உட்கார்ந்திருந்தான். சட்டையில்லாமல், நெற்றியில் பொடி கரைந்து ஒழுக, முருகதாஸ் அதை இழுத்துக்கொண்டு மூலைக்கு மூலை ஓடினான். தண்ணீர் போகிற ஓட்டைக்கு நந்தனா முதுகைக் கொடுத்துச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, அங்ஙன என்ன செய்யுத? எந்திரி!"

"எந்திரிச்சா வெள்ளம் போயிரும்லா அம்மா!"

தோணி கைப்பிடிச் சுவரில் முட்டிக் கவிழ்ந்தது. அபி தண்ணீருக்குள் போய், மூக்கில் நீரோடு எழுந்து, இரண்டு கையையும் மேலே நீட்டினான்.

"அப்பா! இன்னொரு வட்டம்! அப்பா!"

முருகதாஸ் அப்படியே நின்றுவிட்டான். பிறகு குனிந்து பிள்ளையை வாரித் தூக்கினான். அவன் முகத்தில் வழிந்ததில் எது மழை என்று சொல்லமுடியவில்லை.

பிந்து வாசற்படியில் நின்று இருவரையும் கண் நிறையப் பார்த்தாள். இருந்தாலும் பதினோரு நாள் பழக்கம் லேசில் போகுமா? கை தானாகக் குடையை விரித்தது. ஒரு காலைத் தண்ணீருக்குள் வைத்தாள்.

"காய்ச்சல் வந்தா ஆரு பாப்பா? பிள்ளையளுக்கு ஒரு நல்ல வெயில் காட்ட விடாம மழையில கொண்டு தள்ளுன அந்தக் கம்பெனிக்காரன், ஏப்ரல்ல ஒரு லீவு தந்திருந்தா..."

பின்னாலிருந்து ஷாஜன் எட்டி, அவள் கையிலிருந்த குடையை மெதுவாக வாங்கி மடக்கினான்.

"பாவம், அந்தக் கம்பெனிய இனி ஏசாதிய அக்கா. அவங்க ஏப்ரல்லயே லீவு குடுத்தாச்சு. 'ஊர்ல மழ தொடங்கட்டும் ஷாஜா, அதுக்குப் பெறவு வந்தா போதும்'னு என்னக்கொண்டு ரெண்டு தடவ டிக்கெட்ட மாத்துனது அண்ணனாக்கும்."