குருவியரின் ஆட்டம்

தீவுப்பகுதியில் பஸ் ஓட்டியவர்களில், சினிமாப் பாட்டே போடாமல் சனத்தை யாழ்ப்பாணம் கொண்டுபோய்ச் சேர்த்த ஒரே மனிதர் குருவியர்தான். அவருடைய சொந்தப் பெயர் கொண்டக்டருக்கே தெரியுமோ, தெரியாது.

பஸ்ஸின் முன்பக்க ரீவியில் எந்த நேரமும் நியூகினி மழைக்காட்டுப் பறவைகள் ஆடிக்கொண்டிருக்கும். கறுத்த ஆண்குருவி ஒன்று முதலில் நிலத்தில் கிடக்கிற சருகையெல்லாம் பொறுக்கி எறியும். பிறகு இறகைப் பாவாடை போல விரித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கும். நெஞ்சில் நீலமும் பச்சையும் மின்னும். கொப்பில் இருந்து பார்க்கிற பெட்டைக்குருவி, பிடிக்காவிட்டால் பறந்துவிடும். அந்த இடம் வந்தால் குருவியர் பஸ்ஸின் வேகத்தையே குறைத்துவிடுவார். நாளடைவில் சந்தைக்குப் போகிற பெண்கள்கூட எந்தக் குருவிக்குக் காரியம் சரிவரும் என்று வாதாடத் தொடங்கிவிட்டார்கள்.

குருவியர் ஐம்பதை நெருங்கியும் கலியாணம் செய்யாதவர். நாரந்தனையில் ஏறும் பள்ளிக்கூட ரீச்சரும் அப்படித்தான். தாயைப் பார்த்துப் பார்த்தே வயது போய்விட்டது. ரீச்சர் வழக்கமாக இருக்கிற முன்பக்கச் சீற்றைக் குருவியர் தனியாகத் துடைத்து வைப்பார். அவருடைய சேட்டுகளும் நிறம் மாறின: பச்சை, செம்மஞ்சள், ஒருநாள் கத்தரிப்பூ நிறம். தினமும் அந்த பஸ்ஸில் போய்வந்த எங்களுக்கு விளங்கிவிட்டது. ரீச்சருக்கு விளங்கியதா என்றுதான் தெரியவில்லை.

ஒருநாள் கடலைக் கடக்கிற பண்ணைப் பாலத்தில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. நல்ல வெயில். இறங்கி நின்று ஏசத் தொடங்கினோம். குருவியர் என்ன நினைத்தாரோ, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை இரண்டு பக்கமும் பிடித்து விரித்து, தலையைச் சாய்த்து, அந்தக் கறுத்தக் குருவியைப் போலவே தத்தித் தத்தி ஆடினார். வலை வீசிக்கொண்டு நின்றவர்கள் வலையை மறந்தார்கள். நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். ரீச்சர் மட்டும் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். குருவியரின் கால் அப்படியே நின்றது.

மறுநாள் ரீவியில் சினிமாப் பாட்டு. சேட்டு வெள்ளை.

ஒரு கிழமை போயிருக்கும். யாழ்ப்பாணத்தில் எல்லோரும் இறங்கியும் ரீச்சர் எழும்பவில்லை. படியில் நின்ற எனக்குக் கேட்டது.

"ஏன் இப்ப குருவியள் வாறேல்லை?"

"உங்களுக்குப் பிடிக்கேல்லையெண்டு நினைச்சனான், ரீச்சர்."

"எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சால் உமக்கு நோகுமெண்டுதான் அங்கால திரும்பினனான். ஆட்டம் வடிவாத்தான் இருந்தது."

குருவியர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்திருந்தார். ஆடச் சொல்லியிருந்தால் ஆடியிருப்பார். பிறகு கையை நீட்டி ரீவியில் பழையபடி குருவிகளைப் போட்டார்.

கலியாணம் சுருவிலில் சின்னதாக நடந்தது. அதற்காக அவர் லீவில் நின்றபோது வேறொரு டிரைவர் வந்தார். நல்ல மனிதர், நேரம் தவறவில்லை. ஆனால் ரீவியில் குருவிகள் இல்லாத பஸ்ஸில் ஆட்கள் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. யாழ்ப்பாணம் இவ்வளவு தூரம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.