அன்ரிமாரோடு ஆடிய கோல்ஃப்

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே மிகச் சிறியது, 'ஆமாம்' என்பதற்கு எங்கள் ஊரில் சொல்லும் 'ஓம்' என்ற ஒற்றைச் சொல்தான். அதை இரண்டு வார இடைவெளியில் மூன்று தடவை சொன்னேன். மூன்றுக்கும் சேர்த்து வட்டியோடு அனுபவித்தேன்.

முதல் 'ஓம்' லண்டன் ஹரோவில், மெலனி வீட்டு வரவேற்பறையில். நானும் மெலனியும் கலியாணம் செய்வது என்று எப்போதோ முடிவெடுத்துவிட்டோம். முடிவெடுக்காமல் இருந்தவர் அவளுடைய அம்மா ஜெயராணி அன்ரி மட்டும்தான். முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்ட்டுகளை ஆட்டிப்படைத்து ஓய்வு பெற்ற நேர்ஸ். அன்றுதான் நான் முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் அலுமாரிக்கு மேலிருந்த வெள்ளிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு குட்டி உருவம் மட்டையை ஓங்கியபடி நின்றது.

"தம்பி கோல்ஃப் விளையாடுவீரோ?"

"ஓம் அன்ரி. இடைக்கிட."

(தொலைக்காட்சியில் சனல் மாற்றும்போது இடைக்கிடை பார்த்திருக்கிறேன். அது முழுப்பொய் இல்லை.)

தேத்தண்ணித் தட்டோடு வந்த மெலனி வாசலிலேயே நின்றுவிட்டாள். அன்ரியின் முகமோ மலர்ந்துவிட்டது. அவரும் கூடப் படித்த மூன்று நேர்ஸ்மாரும் ஒவ்வொரு வசந்தகாலமும் மூன்று நாள் ஒன்றாகப் புறப்பட்டு, ஏதாவது ஓர் ஊரின் பழைய கவுன்சில் கோல்ஃப் மைதானத்தில் விளையாடுவார்களாம். இந்த முறை லண்டன். நாலாவது ஆளுக்கு முழங்கால் ஒப்பரேஷன்.

"அப்ப வாற கிழமைக்கு அடுத்த சனி வாரும். நாலுபேர் எண்டாத்தான் விளையாட வடிவு."

பத்து நாள் பிளேஸ்டோவில் என் வீட்டில் காணொளி பார்த்துப் பார்த்துக் குடையால் பயிற்சி எடுத்தேன். மேசை விளக்கொன்று போனது. ஒரு வெள்ளைக் காற்சட்டையும் வாங்கினேன்.

அந்த மைதானம் ஒரு காலத்தில் யாரோ பிரபுவின் மாளிகைத் தோட்டம். பிறகு கவுன்சில் வாங்கி, ஊர்ச்சனம் எல்லாருக்கும் திறந்துவிட்டது. பெரிய பெரிய ஓக் மரங்கள். நடுவில் பொதுப் பாதை ஒன்று. நாயோடும் பிள்ளைத் தள்ளுவண்டியோடும் ஆட்கள் போவார்கள். அவர்கள் போய் முடியும்வரை ஆடுபவர்தான் நிற்க வேண்டும்.

வாடகைக்கு மட்டை கொடுக்கும் மனிதர் ஜன்னலுக்குள்ளிருந்து என்னவோ முணுமுணுத்தார். விளங்கவில்லை. இந்த நாட்டில் ஜன்னலுக்குள்ளிருந்து எவர் எதைக் கேட்டாலும் சம்மதிப்பது என் வழக்கம். இரண்டாவது 'ஓம்', ஆங்கிலத்தில்.

அன்ரிமார் ஒருவர் பின் ஒருவராக அடித்தார்கள். ஜெயராணி அன்ரி, லெஸ்டரிலிருந்து வந்த புஷ்பம் அன்ரி, றீற்றா அன்ரி. பந்துகள் சொற்கேட்டு நேராகப் போயின. என் முறை வந்தது. மட்டையை உருவினேன். அதன் முகம் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொன்றை உருவினேன். அதுவும் அப்படியே. அந்த மனிதர் கேட்டது இடக்கைக்காரரோ என்று!

"அட, தம்பி இடக்கையோ?" என்றார் றீற்றா அன்ரி.

திரும்பிப்போய் மாற்றியிருக்கலாம். மாற்றினால் மானம் போய்விடும் என்று நினைத்தேன். (அந்த வயதில் மானம் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.)

"ஓம்."

முதல் வீச்சு காற்றில். இரண்டாவதும் காற்றில். பாதையில் ஓர் இளஞ்சோடி தன் தள்ளுவண்டியை நிறுத்தி மரியாதையாகக் காத்திருந்தது. ஐந்தாவது வீச்சுக்கு அவர்களோடு வந்த நாய் உட்கார்ந்துவிட்டது. ஒருவழியாகப் பந்து நகர்ந்து, புல்லுக்குள் புகுந்து, மரத்தில் மோதி, எப்படியோ குழிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஜெயராணி அன்ரி அட்டையும் பென்சிலுமாக நின்றார். "எத்தனை அடி?"

"பதினாறு."

"பதினாறோ?"

"ஓம் அன்ரி. காத்தில அடிச்சதையும் சேத்து."

கண்ணாடிக்கு மேலால் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினார்.

அடுத்த ஒன்பது குழிகளைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. பதினோராவதில் ஒரு குளம் இருந்தது. ஜெயராணி அன்ரி தந்த பந்து, அவருடைய பெயரின் முதலெழுத்து போட்டது, கரைச் சேற்றில் போய்க் குந்திக்கொண்டது.

"விடும் தம்பி, வேற பந்து இருக்கு."

காலையிலிருந்து ஒரு காரியமாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற வெறி எனக்கு. இறங்கினேன். வலது கால் புதைந்தது. அதை எடுக்க இடது காலை ஊன்றினேன். அதுவும் புதைந்தது. வெள்ளைக் காற்சட்டை முழங்கால்வரை காணாமல் போனது.

"அசையாதேயும்!" மூன்று குரல்கள் ஒன்றாக எழுந்தன. ஒரு முழு வார்ட்டே அடங்கியிருக்கும்.

ஜெயராணி அன்ரி தன் மிக நீளமான மட்டையை என் பக்கம் நீட்டினார். "பிடியும் தம்பி. விடாதேயும்."

அவருடைய இடுப்பைப் புஷ்பம் அன்ரி பிடிக்க, அவரை றீற்றா அன்ரி பிடிக்க, பாதையால் வந்த முன்பின் தெரியாத ஓட்டக்காரர் ஒருவர் கடைசியில் சேர்ந்துகொள்ள, ஒரு பெரிய சத்தத்தோடு வெளியே வந்தேன். ஒரு காலின் சப்பாத்து வரவில்லை.

புல்லில் கிடத்தினார்கள். ஒருவர் நாடி பிடித்தார். ஜெயராணி அன்ரி கணுக்காலை அழுத்தி, "நோகுதோ?" என்றார்.

"அன்ரி, எனக்கு கோல்ஃப் விளையாடத் தெரியாது. நான் இடக்கையும் இல்லை."

புஷ்பம் அன்ரி சிரித்த சிரிப்பில் நிற்க ஏலாமல் என் பக்கத்திலேயே இருந்துவிட்டார். ஜெயராணி அன்ரி சிரிக்கவில்லை.

"தெரியும். முதல் குழியிலேயே தெரியும்."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"பொய்க்காரன் எண்டு அனுப்பிவிடத்தான் நினைச்சனான். ஆனா பதினாறெண்டு சொன்னீர். இவள் புஷ்பமே அதைப் பத்தெண்டு குறைச்சுத்தான் சொல்லியிருப்பாள்." பிறகு பெருமூச்சு விட்டார். "அதுசரி, பந்து போயிட்டுதோ?"

பொத்தியிருந்த கையை விரித்தேன். சேற்றுக்குள் அவருடைய எழுத்து தெரிந்தது. அப்போதுதான் ஜெயராணி அன்ரி சிரித்தார். மெலனியின் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அன்று கண்டுகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மெலனி எனக்குப் போன் எடுத்தாள். "அம்மா கேக்கிறா, கலியாணத்துக்கு எந்த மாசம் வசதி எண்டு."

கலியாணத்தன்று நான் காரை விட்டு இறங்க, தேவாலயப் படியில் பட்டுச் சேலையோடு நின்ற ஜெயராணி அன்ரி, அன்றுமுதல் எனக்கு மாமி, ஒரு கோல்ஃப் மட்டையை என் பக்கம் நீட்டினார். நானும் பிடித்துக்கொண்டே ஏறினேன். அந்தப் படம் எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும் விசாரிப்பார்கள். மாமி முழுக்கதையும் சொல்லுவார். ஒவ்வொரு முறையும் சேறு கொஞ்சம் உயரும். முழங்காலில் தொடங்கியது, மகள் பிறந்த வருடம் இடுப்புக்கு வந்தது, போன நத்தார்ப் பண்டிகைக்கு நெஞ்சைத் தொட்டுவிட்டது. இன்னும் சில வருடங்களில் நான் முழுதாக மூழ்கிவிடுவேன். பயமில்லை. கரையில் மாமி நிற்கிறார்.